உமையம்மையின் வீடு விருந்துக்குப் போன கதை

உமையம்மையின் வீடு வடசேரிக்குக் கிளம்பியது ஒரு புதன்கிழமை காலையில், வெயில் தென்னை உச்சியிலிருந்து இன்னும் கீழே இறங்காத நேரத்தில், கூவைக்கோட்டில் நாங்கள் பாதிப்பேர் பல் தேய்த்துக்கொண்டும் பாதிப்பேர் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டும் இருந்தபோது. பூட்டிய வாசலோடும், முகப்பில் செதுக்கியிருந்த கிளிகளோடும், கிளியின் வாலைப் பிடித்து இழுக்கும் குரங்கோடும், தலைகீழாகத் தொங்கும் தாமரை மொட்டுகளோடும் அது எழுந்து, தூண்களை ஒவ்வொன்றாக எடுத்து ஊன்றி, கல்தறையிலிருந்து முற்றத்தில் இறங்கி, வேலியோரத்துச் செம்பருத்தியை மிதிக்காமல் ஒதுங்கி, தார் ரோட்டில் ஏறித் தெற்கே திரும்பியது.

எங்கள் பக்கத்து மரவீடுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அயினியிலும் பலாவிலும் செய்த வீடுகள் அவை. ஓர் ஆணி கிடையாது, எல்லாம் மரக்குச்சி அடித்துப் பூட்டியது, தரையோடு ஒட்டாமல் கல்தறை என்கிற கல்மேடைமேல் சும்மா உட்கார்ந்திருப்பது. உட்கார்ந்திருக்கிற எதுவும் ஒருநாள் எழுந்திருக்கும் என்பதால் அது எழுந்ததைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. வெறும் வயிற்றோடு போகிறதே என்றுதான் சிலர் வருத்தப்பட்டார்கள். நாள் பார்த்துக் கிளம்பியதா என்று ஒரு பேச்சு எழுந்தது. புதன்கிழமைக்கு வடக்கேதான் சூலம், தெற்கே போகத் தடையில்லை என்று பலசரக்குக் கடைக்காரர் சொன்னதும் அதுவும் அடங்கிவிட்டது.

உமையம்மை அப்போது அடுத்தவர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள், அதற்குப் பிறகு அந்த வீட்டிலேயே தலை நரைத்தவள். பக்கத்து வீட்டுத் தங்கபாய் ஓடிப்போய், "அக்கா, ஒங்க வீடு கெளம்பிப் போவுது" என்று சொன்னபோது அவள், "அடுக்களையுமா?" என்று கேட்டாள். எங்கள் வீடுகளில் அடுக்களை தனியாக, ஓலைக்கூரையோடு பின்பக்கம் இருக்கும். அடுக்களை அங்கேயேதான் கிடக்கிறது என்று தெரிந்ததும் அவள் சிரட்டைகளில் ஊறியிருந்த பாலை வாளியில் வடித்து, வாளியைத் தோட்டக்காரரிடம் ஒப்படைத்து, அடுப்பில் தீ இருக்கிறதா என்று பார்த்து அணைத்து, கோழிகளைத் தங்கபாயிடம் விட்டுவிட்டு, மாற்றுச்சேலை ஒன்றைப் பையில் சுருட்டிக்கொண்டு, வீட்டுச் சாவி இடுப்பில் தொங்க வீட்டின் பின்னால் நடக்கத் தொடங்கினாள். அவள் தனியாகப் போவது சரியில்லை என்று எங்களில் ஏழெட்டுப் பேரும் கூடவே கிளம்பினோம். அத்தனை நாளும் வேலை கெட்டதுதான் மிச்சம் என்று எங்கள் வீடுகளில் இன்றுவரை பேச்சு உண்டு.

வீட்டின் தூண்களிலும் உத்திரங்களிலும் கதவுகளிலும் வெள்ளைச் சாக்பீஸில் எண்கள் எழுதியிருந்தன. அவை வெள்ளிக்கிழமை லாரியோடு வருவதாக இருந்த ஆட்கள் எழுதி வைத்துவிட்டுப் போனவை. பூனாவில் கம்பெனி வேலையில் இருக்கும் உமையம்மையின் அண்ணன் ஸ்ரீகண்டன், தகப்பனார் தன் பெயருக்கு எழுதி வைத்த அந்த வீட்டைக் கடற்கரையில் விடுதி நடத்தும் ஒருவருக்கு விற்றிருந்தான். மண்ணை அல்ல, மரத்தை மட்டும். கழற்றி, எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொண்டு போய், கடலைப் பார்க்க மறுபடி பூட்டி, வெளிநாட்டுக்காரர்களைப் படுக்க வைப்பதாகத் திட்டம். தங்கைக்குத் தன் மாமனார் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை சொல்லி வைத்திருப்பதாக ஸ்ரீகண்டன் போனில் சொன்னான். உமையம்மை போனை வைத்துவிட்டுக் கோழிக்குத் தவிடு பிசையப் போய்விட்டாள். அவன் அவளிடம் கேட்கவில்லை, தகவல்தான் சொன்னான்.

சரி, வீடு ஏன் வடசேரிக்குப் போகவேண்டும்? அதற்குக் காரணம் தாணுலிங்கம். மனுஷன் முப்பது வருடம் எங்கள் ரூட்டில் பஸ் கண்டக்டராக இருந்தவர். படியில் தொங்கிக்கொண்டு டிக்கெட் கிழிக்கிற அவசரத்தில் ஒரு முகப்பில் பாதியை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் பார்த்து, ஒரு வீட்டைக்கூட முழுதாகப் பார்க்க முடியாமலே ரிட்டையர் ஆனவர். மனைவி செல்வம் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை தோறும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, ஊர் ஊராக நடந்து, மரவீடுகளைப் பார்க்க ஆரம்பித்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு முகப்பின் முன் நின்றால் நின்றதுதான். முதலில் அவரை நிலத் தரகர் என்று நினைத்தோம், பிறகு கல்யாணத் தரகர் என்று நினைத்தோம், கொஞ்ச நாள் திருட வந்தவர் என்றுகூட ஒரு சந்தேகம் இருந்தது. எதுவும் இல்லை, வீடு பார்க்கத்தான் வருகிறார் என்று தெரிந்த பிறகு கட்டன்காப்பி கொடுக்கத் தொடங்கினோம். அவரும் காப்பியைக் குடித்துக்கொண்டே, போன வாரம் பார்த்த வீட்டில் யானை எப்படி நின்றது, அதற்கு முந்தைய வாரத்து வீட்டில் கதவுக் குமிழ் எப்படி இருந்தது என்று சொல்லுவார். ஒரு வீட்டு விசேஷத்தை மறு வீட்டில் சொல்வதில் எந்தக் கிழவியும் அவரிடம் தோற்றுப்போவாள்.

கிளம்பும்போது நாங்கள் எல்லோரும் சொல்கிறதை அவரும் சொல்வார்: ஒருநாள் நம்ம வீட்டுக்கும் வரணும். எத்தனையோ பேரிடம் சொன்னார். ஒருவரும் போகவில்லை. சொல்வதும் போகாமலிருப்பதும் வழக்கம்தானே, அதில் யாருக்கும் வருத்தம் இருப்பதில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு இருந்திருக்கிறது.

வீடு கிளம்பிய புதன்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது உமையம்மை அருமனையில் ஒரு துட்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தாள். பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டு மத்தியானம்வரை நின்றவர் சாக்பீஸ் எண்களையும் பார்த்தார். அவருக்கு அது புதிதல்ல. போன வருடம் வீடு இருந்த இடத்தில் இந்த வருடம் வெறும் கல்தறையைப் பல ஊர்களில் பார்த்தவர். மனசு பாரமாகி, சொல்லிவிட்டுப் போக ஆளும் இல்லாமல், அவர் வீட்டைப் பார்த்தே கைகூப்பிச் சொன்னார்: "வாறேன். வீட்டுல உள்ளவியளயும் கூட்டிக்கிட்டு ஒருநாள் நம்ம வீட்டுக்கு வரணும்." அதோடு விட்டிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. கண்டக்டர் புத்தி விடவில்லை. வடசேரிச் சந்தைக்குப் பின்னால் இரண்டாவது முடுக்கு, எஸ்தர் டீச்சர் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள், மாடியில் இருக்கிறேன் என்று வழியும் சொல்லிவிட்டார். ஆளில்லாத வீட்டை அழைத்தது ஒரு தப்பு, அதற்கு வழி சொன்னது அதைவிடப் பெரிய தப்பு என்று பிறகு அவரே எல்லோரிடமும் ஒத்துக்கொண்டார்.

போகிற வழியில் ஊர்கள் வீட்டை நடத்திய விதத்தைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. தேர் ஓடுகிற ஊர்க்காரர்களுக்கு, பெரிய மரச்சாமான் ஒன்று தெருவில் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மூங்கில் கொண்டு வந்து கரண்ட் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்கள், மாட்டை அவிழ்த்து ஓரம் கட்டினார்கள், பெண்கள் முற்றத்தில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள், இரண்டு ஊர்களில் ஆரத்தி எடுத்தார்கள். பஸ்கள் பின்னால் ஊர்ந்தன. பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை நீட்டி, எந்த ஊர் வீடு, எங்கே போகிறது என்று விசாரித்தார்கள். விருந்துக்குப் போகிறது என்றதும், அப்படியா என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ராத்திரி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தங்கினோம். காலையில் பிள்ளைகள் வரிசையாக வந்து குரங்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்களும் அந்த வழியில்தான் எத்தனையோ வருடமாகப் பஸ்ஸில் போய் வந்திருக்கிறோம், ஆனால் நடந்து போனதில்லை. வீடு ஒவ்வோர் ஊரிலும் தன்னைப் போன்ற வீட்டின் முன்னால் கொஞ்சம் நின்று நின்று போனதால் நாங்களும் நின்றோம். ஓர் ஊரில் முகப்பு முழுக்க முந்திரிப்பழக் கொத்து செதுக்கியிருந்தது. இன்னோர் ஊரில் ஜன்னல் சட்டத்தில் இரண்டு மீன்கள் முகத்தோடு முகம் உரசிக்கொண்டிருந்தன. உமையம்மை அந்த மீன்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் சொந்த வீட்டைத் தவிர வேறு வீட்டின் மரத்தைத் தொட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று சொன்னாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வீடு வடசேரி முடுக்குக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு நுழைந்தபோது தாணுலிங்கம் மேல்சட்டை இல்லாமல் அப்பளம் சுட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் இருட்டியது கண்டு எட்டிப் பார்த்தவர், கிளிகளைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். பதறிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே ஓடி வந்து, செம்பில் தண்ணீர் எடுத்து எல்லாத் தூண்களுக்கும் கால் நனைத்தார். உமையம்மையைப் பார்த்ததும் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. செல்வம் போனதுக்குப் பிறகு அவர் வீட்டுப் படியேற யாரும் வந்ததில்லை, வாய்க்கு வாய் எல்லோரையும் கூப்பிட்டு ஏமாந்துபோயிருந்த மனுஷன், கூப்பிட்ட வார்த்தைக்கு மரியாதை கொடுத்து வந்ததே ஒன்று என்று அழுதேவிட்டார். இருந்தது ஒரே நாற்காலி. அதை உமையம்மைக்குப் போட்டார். எங்களுக்குப் பாய் விரித்தார். வீட்டுக்கு என்ன கொடுப்பது என்று கொஞ்சம் திகைத்து நின்றுவிட்டு, சந்தைக்குப் போய் முந்திரிக்கொட்டை எண்ணெய் வாங்கி வந்து, மரம் குடிக்கிற அளவுக்குத் துணியில் தொட்டுத் தொட்டுக் கொடுத்தார். வீடு நன்றாகக் குடித்தது. ஆனால் சாக்பீஸ் எண்கள் அழியவில்லை, எண்ணெய்க்கு அடியில் இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

வீட்டுக்காரி எஸ்தர் டீச்சர் கறாரான பெண்மணி. வாடகைக்கு இருப்பவர்களின் விருந்தாளிகள் தங்கக்கூடாது என்பது அவர் சட்டம். ஆனால் விருந்தாளியை எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்பது அவர் வளர்ப்புக்குச் சரிப்படாது. அதனால் கேட்காமலே முடுக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் பெருமூச்சை நிறுத்திவிட்டு, வீட்டின் ஜன்னல் கம்பியில் துணி காயப்போட ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை லாரி கூவைக்கோட்டுக்குப் போய் வெறும் கல்தறையைப் பார்த்துவிட்டு வடசேரிக்கு வந்தது. விடுதிக்காரரும் வந்தார், பூனாவிலிருந்து ஸ்ரீகண்டனும் வந்தான். விடுதிக்காரர் மோசமானவர் இல்லை. மரத்தைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர். தாணுலிங்கம் அவர்களிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: தன் படியேறி வந்த விருந்தைத் தானே பிடித்துக் கொடுக்க முடியாது. அதில் நியாயம் இருப்பதாக முடுக்கில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், விடுதிக்காரரே ஒத்துக்கொண்டார். வீடு என்றைக்கானாலும் ஊருக்குத் திரும்பித்தானே ஆகவேண்டும், திரும்பி உட்கார்ந்த பிறகு கழற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் உமையம்மை எதுவும் சாப்பிடவில்லை. தன் வீடு கடற்கரையில் யாரோ படுக்க நிற்பதைவிட இந்த முடுக்கிலேயே கிடந்து மழையில் நனைந்தாலும் தேவலை என்று எஸ்தர் டீச்சரிடம் சொன்னாளாம்.

முடுக்கில் எத்தனை நாள் நிற்க முடியும்? ஒரு நோயாளியைச் சாய்வுநாற்காலியில் வைத்து வீட்டின் அடியில் குனிந்து தூக்கிப்போக வேண்டி வந்தது. மறுநாள் காலையில் தாணுலிங்கம் வெற்றிலை பாக்கு வைத்து விடைகொடுத்தார். ஆனால் அவர் சும்மா கொடுக்கவில்லை. முந்தின நாளே பஸ் ஏறி, தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த ஊர்களுக்கெல்லாம் போய், வீடு வருகிறது, கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டு வந்திருந்தார். வடசேரியைத் தாண்டியதும் முதல் ஊரிலேயே ஒரு பெண் ரோட்டில் நின்று, இவ்வளவு தூரம் வந்துவிட்டு நம்ம வீட்டில் காலெடுத்து வைக்காமல் போவதா என்று வழிமறித்தாள். கூப்பிட்ட பிறகு போகாமலிருப்பது எப்படி? வீடு அவள் முற்றத்தில் ஒருநாள் உட்கார்ந்தது. அடுத்த ஊரில் ஒருநாள். அதற்கடுத்த ஊரில் இரண்டு வீட்டுக்காரர்கள் எங்களுக்கா உங்களுக்கா என்று சண்டை போட்டு, ஆளுக்கு அரைநாள் என்று முடிந்தது. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் தங்கினார்கள். ஓர் ஊரில் வீட்டுக்குத் தேன்மெழுகு கொடுத்தார்கள், ஓர் ஊரில் கிளிக்கு மஞ்சள் பூசினார்கள். உமையம்மை பகலில் பின்னால் நடந்தாள், ராத்திரி உள்ளே படுத்தாள். கூவைக்கோடு ஒவ்வோர் ஊராக நெருங்கி வந்தது. ஊர்கள் குறையக் குறைய அவள் பேச்சும் குறைந்தது.

விடுதிக்காரருக்கும் மூளை இருந்தது. எங்கள் ஊர் ரோடும் கடற்கரை ரோடும் பிரிகிற முச்சந்தியில் அவர் வேட்டி கட்டி நின்றார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு குப்பி எண்ணெய். பக்கத்தில் ஸ்ரீகண்டன். விடுதிக்காரர் வீட்டின் முன்னால் தாம்பாளத்தை நீட்டி, தங்கள் இடத்துக்கும் ஒரு தடவை வந்துவிட்டுப் போகவேண்டும் என்று பணிவாகக் கேட்டார். முறையான அழைப்பு. அதில் ஒரு சொல்லைக்கூடக் குறை சொல்ல முடியாது. எத்தனையோ முற்றங்களில் உட்கார்ந்த வீடு இதை எப்படி மறுக்கும்? முகப்பு மெல்லக் கடல் பக்கம் திரும்பியது. முன்தூண்கள் இரண்டும் அந்த ரோட்டில் இறங்கின. அழைப்பின் குறுக்கே பேசுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. எங்களைப் பார்க்க அன்று பஸ்ஸில் வந்திருந்த தாணுலிங்கம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தான் தொடங்கி வைத்த வழியிலேயே வீடு போகிறதே என்று துண்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

அப்போது உமையம்மை சொன்னாள், சத்தமாகக்கூட இல்லை: "என்னெக் கூப்பிடல்லியே."

முச்சந்தி அப்படியே நின்றது. இதை எங்கள் பக்கத்து மனுஷர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வீட்டில் ஓர் ஆளை விட்டுவிட்டு அழைத்தார்கள் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் எங்களிடம் உண்டு. விடுதிக்காரர் சிரித்துக்கொண்டு, நீங்களும் வாருங்களம்மா, அதற்கென்ன என்றார். அது இன்னும் மோசம். ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்வதைவிடச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கேட்டு வாங்கின அழைப்புக்குத் தான் வருவதில்லை என்று உமையம்மை சொன்னாள். வீடு முன்தூண்களைப் பின்னால் இழுத்துக்கொண்டது. பிறகு எல்லாத் தூண்களையும் மடக்கி, முச்சந்தியின் நடுவே, மூன்று ரோட்டையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

பஸ்கள் மூன்று பக்கமும் வரிசை கட்டின. ஹாரன் அடித்து ஓய்ந்து டிரைவர்கள் இறங்கி வந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கி வந்தார்கள், அவர்களில் பாதிப்பேர் ஸ்ரீகண்டனுக்குச் சொந்தக்காரர்கள். அவனுக்குக் காது சிவந்துபோயிற்று. தங்கையின் பக்கத்தில் வந்து குனிந்து, எழுப்பு, ஏதாவது சொல்லி எழுப்பு, மானம் போகிறது என்றான்.

"நானா இருத்தினேன்? அதுவா இருந்திருக்கு" என்றாள் உமையம்மை. பிறகு, அவ்வளவு நாளும் சாப்பாட்டோடு சாப்பாடாக விழுங்கி வைத்திருந்ததை எடுத்து வைத்தாள். "அண்ணன் விக்கதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

ஸ்ரீகண்டன் சுற்றிலும் பார்த்தான். யாரும் அவனுக்குக் கைகொடுக்கவில்லை. கேட்டால் போயிற்று, இப்போது என்ன, கேட்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த ஒரு பஸ்ஸின் டயரைப் பார்த்தபடி, "வீட்டக் குடுத்திரலாமா உமை?" என்றான்.

எங்களோடு அன்று துணைக்கு வந்திருந்த எஸ்தர் டீச்சர், வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்: "மொகத்தப் பாத்துக் கேளுங்க தம்பி."

அவன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். எத்தனை வருடத்துக்குப் பிறகு பார்த்தானோ தெரியவில்லை, பார்த்த பிறகு கேட்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. மறுபடி கேட்டபோது அவன் குரல் வேறாக இருந்தது.

"குடுத்திரட்டா உமை?"

"வேண்டாம்" என்றாள் உமையம்மை.

விடுதிக்காரர் தாம்பாளத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது, வாங்கிக்கொள்வது எல்லாம் அவர்கள் இருவர் பாடு, நாங்கள் அதில் தலையிடவில்லை. உமையம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூவைக்கோடு ரோட்டில் நடக்கத் தொடங்கினாள். கிளம்பின நாளிலிருந்து வீட்டின் பின்னாலேயே நடந்து வந்தவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு எழுந்து அவள் பின்னால் போயிற்று.